பழக்கி அனுப்பிய சட்டிகள்

இல்ல கண்ணு, மடியிலயே இருக்கட்டும். கனந்தான், ஆனா கீழ வெச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு முன்சீட்டுக்காரரு கால்ல போயி இடிக்கும். கல்லு பாரு. சட்டியும் போயிரும், அவரு காலும் போயிரும். நீ நல்லா சாஞ்சு உக்காரு, எனக்கு இந்த எடம் போதும். எங்க எறங்கற? ஓசூரா? நான் அதுக்கு முன்னாடியே, சூளகிரி. மருமக அங்கதான் ஒரு குடோன்ல வேலை பாக்குறா. கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு போறேன்.

கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளான்னு கேக்கறியா? கோவிச்சுக்கிட்டிருந்தாத்தான் தேவலையே. நல்லாத்தான் பேசிட்டுப் போனா. "அத்தை, மாத்திரைய மறக்காமப் போட்டுக்கங்க, டப்பா மேல படம் போட்டு வெச்சிருக்கேன்"னா. எனக்குப் படிக்க வராதுன்னு, காலையில போடறதுக்குச் சூரியன், ராத்திரிக்கு நெலா. அப்படிப் பண்ணி வெச்சுட்டுப் போறவள என்னான்னு சொல்லித் திட்டறது? அதான் எனக்குத் தாங்கல. அலுத்துப் போச்சு கண்ணு. ஓஞ்சு போயிட்டேன்.

இது கல்சட்டி. உங்கம்மா வாங்குனாங்களா? அப்படியா! ஒடஞ்சு போச்சா? கேஸ் அடுப்புல வெச்சாங்களா, பெரிசா எரியவிட்டு? ஆங், அப்புறம் அது ஒடையாம என்ன பண்ணும். வாங்கினதும் அடுப்புல ஏத்தக் கூடாது கண்ணு. பழக்கணும். வெளக்கெண்ணெயும் மஞ்சத்தூளும் கொழச்சுப் பூசி வெய்யில்ல வெக்கணும். அப்புறம் வடிச்ச கஞ்சிய சூடா ஊத்தி ஆற விடணும், தெனமும். பொறவு சின்னத் தீயில தண்ணி மட்டும் வெச்சு, அப்புறம்தான் கொழம்பு. வாங்கறப்ப சாம்பக் கலர்ல இருக்கும், பழகப் பழகக் கருப்பாயிரும். இத தொட்டுப் பாரு. இது நான் பழக்குனது. மருமகளோட அக்கா வூட்டுக்குக் குடுக்கறதுக்கு எடுத்துட்டுப் போறேன். ஓசூர்ல அக்கா வூட்ல தங்கித்தான் வேலைக்குப் போறா. வெறுங்கையோட எப்படிப் போயி நிக்கறது?

எங்க வூட்டுத் தொழிலே இதுதான். எங்க வூட்டுக்காரரு உளிய வெச்சு மேலாப்புல செதுக்கித் தருவாரு, எம்மவன் கோவிந்தராசு அத மெஷின்ல ஏத்திக் கடையுவான். மாக்கல்லு மெதுவானது. பொடி பறக்கும் பாரு, ரெண்டு பேரும் வெளிய வர்றப்ப மாவு மில்லுல இருந்து வர்ற மாதிரி வருவாங்க. சட்டி, பணியாரக் கல்லு, தயிர்ச் சட்டின்னு செஞ்சு சேலத்துல ஒரு மொத்த வியாபாரிக்குப் போட்டுட்டு இருந்தோம். அவரு சொன்னதுதான் வெலை. கொற சொல்லக் கூடாது, கொற சொன்னா அடுத்த வாரம் சரக்கு வேண்டாம்பாரு. அப்படியே ஓடிட்டு இருந்துச்சு.

சுகந்தி வந்ததுக்கப்புறம்தான் இந்த ஆன்லைனு. சுகந்திங்கறது மருமக. காவேரிப்பட்டணத்துப் பொண்ணு, பி.காம் படிச்சவ, துணிக்கடையில பில்லு போட்டுட்டு இருந்தா. வந்த புதுசுல பட்டறைக்குள்ள போயி சட்டிய எடுத்து எடுத்துப் பாப்பா. "மாமா, இத நம்மளே விக்கலாம் மாமா"ன்னா. அவரு காதுலயே போட்டுக்கல. அவ விடல. வெள்ள வேட்டிய சுவத்துல கட்டித் தொங்கவிட்டு, அதுக்கு முன்னாடி சட்டிய வெச்சு, போன்ல போட்டோ. எங்க வூட்டுக்காரரோட கல்யாண வேட்டி கண்ணு அது! நான் கத்துனேன். "துவச்சுக் குடுத்தர்றேன் அத்தை"ன்னா. துவச்சுத்தான் குடுத்தா, அதச் சொல்லியாகணும்.

அப்புறம் பேங்கு, வரி நம்பர், அது இதுன்னு அலஞ்சா. எல்லாம் அவ பேருலதான். நாங்க யாரு போயி கையெழுத்துப் போடறது? கடை தொறந்தாச்சுன்னா. எங்க தொறந்தன்னு கேட்டா போனக் காட்றா. அதுக்குள்ள எங்க சட்டி நிக்குது, வேட்டிக்கு முன்னாடி!

பொட்டி கட்டறதுதான் பெரும்பாடு. மொத அனுப்புனதெல்லாம் நொறுங்கிப் போச்சு. அதுக்கு இவ என்ன பண்ணுனா தெரியுமா? உமியப் போட்டு ஒரு மாதிரி, தெர்மாக்கோல் வெச்சு ஒரு மாதிரி, பழைய பேப்பரக் கசக்கி ஒரு மாதிரின்னு கட்டி, மொட்டை மாடிக்கு ஏறி அங்கிருந்து தூக்கிப் போட்டா! ஐயோ சாமி! புருசனும் மாமனாரும் முதுகொடியச் செஞ்ச சட்டி. கீழ ஓடிவந்து பிரிச்சுப் பாப்பா. ஒடஞ்சிருந்தா மறுபடி வேற மாதிரிக் கட்டுவா, மறுபடி மாடி. தெருவே வந்து வேடிக்கை பாத்துச்சு. கடைசியில ஒரு நாளு போட்டா, பிரிச்சா, சட்டி முழுசா இருக்கு. எங்க வூட்டுக்காரரு சிரிச்சாரு. அவரு சிரிக்கற ஆளே இல்ல கண்ணு. "ஏ பாவாயி, பாத்தியா"ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாரு. பாவாயி எம்பேரு.

அதுக்கப்புறம் நல்லாத்தான் போச்சு. மெட்ராசு, பெங்களூரு, எந்தெந்த ஊரோ. சாயங்காலமானா கொரியர் வண்டி வாசல்ல நிக்கும். கோவிந்தராசு மெஷின் புதுசு வாங்குனான். அவ உக்காந்து ஒட்டுவா, நான் பக்கத்துல உக்காந்து உமி அள்ளிப் போடுவேன். பேசிட்டே கட்டுவோம். அவ பேசுனா நேரம் போறதே தெரியாது. அந்தக் கதைய விடு.

அப்புறம் புடிச்சுது பாரு சனி. சட்டி நல்லாப் போயிச் சேருது, ஆனா அடுப்புல வெச்சதும் வெடிக்குதுன்னு எழுதறாங்க. வெடிக்காம? உங்கம்மா மாதிரிதான் எல்லாரும். சுகந்தி சீட்டு அடிச்சு உள்ள வெச்சா, எப்படிப் பழக்கணும்னு படம் போட்டு. யாரு படிக்கறாங்க? சட்டிய எடுத்துட்டுச் சீட்டத் தூக்கி எறிஞ்சிருவாங்க. ஸ்டாரு கொறையுது, ஸ்டாரு கொறையுதுன்னு இவ மூஞ்சி தொங்கிப் போயிரும். சோறு எறங்காது. ஒரு ஸ்டாருக்கு இப்படி உருகுவாளான்னு எனக்கு. ஆனா பாக்கச் சகிக்கல. நெசமாவே சகிக்கல கண்ணு. அவ போனப் பாத்துட்டே உக்காந்திருக்கறப்ப, எவ்வயித்துல பொறந்தவ அப்படி உக்காந்திருக்கற மாதிரி இருக்கும் எனக்கு.

தீவாளி சமயத்துல பெரிய தள்ளுபடி வியாபாரம்னு சொல்லி ஏகப்பட்ட ஆர்டரு. எல்லாத்தையும் கட்டி, பேரு ஒட்டி, அடுக்கி வெச்சுட்டு, அக்காவுக்குப் பிரசவம்னு ஓசூருக்குப் போயிட்டா. "கொரியர் வந்தாக் குடுத்துருங்க அத்தை, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்"னு சொல்லிட்டுத்தான் போனா.

நான் அந்தப் பொட்டிங்களப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். மனசு கேக்கல. இத்தனையும் போயி வெடிக்கப் போகுது, இத்தனை பேரும் திட்டி எழுதப் போறாங்க, திரும்பி வந்து இவ மறுபடி சோறு திங்காம உக்காரப் போறா. நீயே சொல்லு, எங்க சாதிசனத்துல யாருக்காச்சும் கல்சட்டி குடுத்தா பச்சையாவா குடுப்போம்? சீருக்கு வெச்சாலும் பழக்கித்தான் வெப்போம். பழக்காத சட்டியக் குடுக்கறது, வேகாத சோத்தைப் போடற மாதிரி. அது மரியாதை இல்ல. பழக்கிக் குடுத்தோம்னா அந்தச் சட்டிய நாளைக்கே அடுப்புல வெக்கலாம், நம்மள நெனச்சுக்குவாங்க.

பிரிச்சேன். எல்லாப் பொட்டியும் பிரிச்சேன். ஆம்பளைங்க ரெண்டு பேரும் கல்லெடுக்கக் குவாரிப் பக்கம் போயிட்டாங்க, வர்றதுக்கு நாளாகும். கொரியர்காரன்கிட்ட இன்னும் ஆகல, பொறவு வான்னு திருப்பி அனுப்பிச்சுட்டேன். எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு இந்தக் கை பாரு, மணிக்கட்டு இன்னும் வலிக்குது. கஞ்சிக்காகச் சோறு வடிச்சு வடிச்சு, சோத்த என்ன பண்றதுன்னு தெரியாம மாட்டுக்குப் போட்டேன். பக்கத்து வூட்டு மாடெல்லாம் எங்க வாசல்லதான் நின்னுச்சு. கடைசியா ஒவ்வொண்ணுலயும் ஒரு கொதி புளிக்கொழம்பு வெச்சு எறக்குனேன். புளி எறங்குனாத்தான் சட்டி முழுசாப் பழகும், அப்பத்தான் எனக்குத் திருப்தி. கழுவித் தொடச்சு, அவ கட்டுன மாதிரியே உமியப் போட்டுக் கட்டி அனுப்பிச்சுட்டேன். பேரு மாறாம அந்தந்தப் பொட்டிக்கு அந்தந்தச் சட்டி. படிக்கத் தெரியாட்டி என்ன, அடுக்குன வரிசைய மாத்தாம வெச்சேன். எவ்வளவு நிம்மதியாத் தூங்குனேன் தெரியுமா அன்னைக்கு.

சிரிக்கற பாத்தியா. உனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியலையே!

பழைய சட்டிய அனுப்பிட்டாங்களாம். எவளோ சமைச்சுத் தின்னுட்டுக் கழுவி அனுப்புன சட்டியாம். போட்டோவுல சாம்பக் கலர்ல இருந்துச்சு, வந்தது கருப்பா இருக்குதாம், கொழம்பு வாசம் வருதாம். வராம? நல்ல செக்கு எண்ணெயில தாளிச்ச கொழம்பு. ஒரு மகராசி சட்டிக்குள்ள ஒரு கருவேப்பில ஒட்டிட்டு இருந்ததப் போட்டோ புடிச்சு, அதச் சுத்திச் செவப்புல வட்டம் போட்டு அனுப்பியிருக்கா. ஒரே ஒரு கருவேப்பில கண்ணு! அதுக்கு வீடியோ வேற. எச்சிச் சட்டி விக்கறாங்கன்னு.

ஒண்ணொண்ணாத் திரும்பி வந்துச்சு. போனதவிட வேகமா வந்துச்சு. வந்ததுல பாதி ஒடஞ்சு வேற வந்துச்சு, அவங்க சும்மா பொட்டியில போட்டுத் தூக்கி எறிஞ்சதுல. அந்த ஆன்லைன் கம்பெனிக்காரன் இவ கடையவே மூடிட்டான். பழசப் புதுசுன்னு வித்து ஏமாத்துனாங்கன்னு எழுதிட்டானாம். இனிமே அவ பேருல அங்க கடை போடவே முடியாதாம்.

அவ ஓசூர்ல இருந்து அரக்கப் பறக்க ஓடிவந்தா. வந்ததும் நேரா சமையக்கட்டுக்கு வந்து, "அத்தை, பொட்டிய யாராச்சும் பிரிச்சாங்களா?"ன்னு கேட்டா. "நாந்தான் பிரிச்சேன். உனக்காகத்தான், எல்லாத்தையும் பழக்கி அனுப்பிச்சிருக்கேன்"னேன். சந்தோசப்படுவான்னு நெனச்சேன் கண்ணு. அப்படியே தரையில உக்காந்துட்டா. அப்புறம், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை"ன்னா. அவ்வளவுதான். கத்தல, ஒண்ணும் பண்ணல. எனக்கு வந்துச்சு பாரு கோவம். எதுக்குக் கேக்கணும்? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து சட்டி பழக்கறவ நானு.

அந்நேரம் பாத்து ஆம்பளைங்க ரெண்டு பேரும் உள்ள வந்தாங்க. "என்னாச்சு, என்ன பழைய சட்டி, யாரு பண்ணுன வேலை இது?"ன்னு அவரு கேக்கறாரு. நான் அடுப்புக்கிட்ட நிக்கறேன். சுகந்தி என்னை ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு, "நான்தான் மாமா. சாம்பிளுக்கு வெச்சிருந்த பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலந்து போச்சு, கவனிக்காம அனுப்பிட்டேன்"னு சொல்லிட்டா.

பாலு பொங்கிருச்சு அப்ப. நான் பாலப் பாத்தேன்.

கம்பெனிக்கும் அப்படியே எழுதிட்டா. எந்தப்பு, எந்தப்புன்னு. என் பேர எங்கயும் எடுக்கவே இல்ல பாரு! அத்தன சட்டிய, இந்தக் கையால, எண்ணெய் பூசி, கஞ்சி ஊத்தி, பேருக்காச்சும் எங்கத்தை பழக்குனாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? சரக்கு கலந்து போச்சாம். நான் ஒருத்தி வேலையே செய்யாத மாதிரி. எனக்கு அது எவ்வளவு வருத்தமா இருந்துச்சு தெரியுமா?

நீ என்ன சொல்ற? என்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்னாளா? யாருகிட்ட இருந்து காப்பாத்தறது, எங்க வூட்டுக்காரருகிட்ட இருந்தா? அவரு அடிக்கற ஆளில்ல கண்ணு. கைய ஓங்குனதே இல்ல. பேச மாட்டாரு, அவ்வளவுதான். எங்கண்ணன் மவ கல்யாணத்துல நான் ஏதோ ஒரு வார்த்தை விட்டுட்டேன்னு, அந்தத் தைப்பொங்கல்ல இருந்து அடுத்த தைப்பொங்கல் வரைக்கும் எங்கிட்டப் பேசல. சோறு போட்டா திம்பாரு. தண்ணி வெச்சா குடிப்பாரு. சொவத்தப் பாத்துட்டு. நான் கோழிகிட்டப் பேசிட்டு இருந்தேன் அந்த வருசம் பூராவும். சுகந்திகிட்ட ஒரு நாளு பொட்டி கட்டறப்ப இதச் சொல்லிருக்கேன் போல. அவளுக்கு எதையும் மறக்கற பழக்கமில்ல.

அதோட போச்சான்னா, போகல. கடை போனதுல எல்லாத்துக்கும் எரிச்சல். மறுபடி அந்தச் சேலத்து வியாபாரி வாசல்ல போயி நிக்கணும். அவரு, "என்னப்பா, ஆன்லைன் முடிஞ்சுதா"ன்னு நக்கல் பண்ணுனாராம். எங்க வூட்டுக்காரரு வந்து, படிச்சவ படிச்சவன்னு தலையில தூக்கி வெச்சோம், நல்லா அரைச்சுட்டா மொளகான்னு தெனமும் பேசுவாரு. அவளுக்குக் கேக்கற மாதிரியே. கோவிந்தராசுவும் ஒரு நாளு, "ஏமாத்திப் பொழைக்கற குடும்பம்னு பேரு வாங்கிக் குடுத்துட்டியே, நீ வராமலே இருந்திருக்கலாம்"னு சொல்லிட்டான். ஆம்பளைங்க கோவத்துல ஏதோ சொல்றதுதான, நம்ம கேட்டும் கேக்காம இருந்துக்கணும். நான் சொன்னேன் அவகிட்ட, "கண்டுக்காத சாமி"ன்னு சொன்னேன். எம்மூஞ்சியவே பாத்தா. மறுநாளு துணிய எடுத்து வெச்சுட்டு, அக்கா வூட்டுக்காரரு மூலமா ஒரு வேலை இருக்குதுன்னு கெளம்பிட்டா. அந்தச் சூரியனையும் நெலாவையும் வரைஞ்சு வெச்சுட்டு.

என்ன வேலைன்னு கேளு. ஆன்லைன்ல வாங்கிட்டு வேண்டாம்னு திருப்பி அனுப்பறாங்கல்ல, அந்தப் பொட்டியப் பிரிச்சுப் பாக்கற வேலை. பழசா புதுசான்னு பாத்துப் பிரிச்சுப் போடணுமாம். நாளெல்லாம் நின்னுட்டே. விதியப் பாத்தியா. யாரு பண்ணுன பாவமோ.

கோவிந்தராசு போயிக் கூப்பிட்டான். அவனுக்குக் கஷ்டமா இருக்குது, வெளிய சொல்ல மாட்டான், கடையற சட்டியெல்லாம் கோணிக் கோணி வருது. வரலைன்னுட்டா. அப்புறம் எங்கிட்டப் போன்ல பேசுனா. தன்மையாத்தான் பேசுனா. "அத்தை, நீங்க அவருகிட்டயும் மாமாகிட்டயும் நடந்தத ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூப்பிடுங்க, நான் மறுநாளே வந்தர்றேன். கட்டாயப்படுத்தல. ஆனா ஏமாத்துக்காரிங்கற பேரோட அந்த வூட்ல என்னால வளைய வர முடியாது"ன்னா. சொல்லிட்டு, "முட்டி வலி எப்படி இருக்கு"ன்னு கேக்கறா. என்ன பொண்ணு இவ?

சொன்னனான்னு கேக்கறியா?

சொல்லத்தான் போனேன் கண்ணு. டீ எடுத்துட்டுப் பட்டறைக்கே போனேன். அவரு உளி அடிச்சுட்டு இருந்தாரு, கண்ணுல பொடி விழுந்து தேய்ச்சுட்டு வேற இருந்தாரு. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? இன்னொரு நாளு போனேன், அன்னைக்கு வெள்ளிக்கெழமை. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு வந்துட்டேன். அப்புறம் அமாவாசை வந்துருச்சு. அப்புறம் அவருக்குச் சளி. நானும் மனுசிதான, நேரம் பாத்துத்தான சொல்லணும். அதுமில்லாம நான் என்ன திருடுனனா? நல்லதுதான பண்ணுனேன்? கேட்டிருந்தாருன்னா சொல்லியிருப்பேன். இது வரைக்கும் எங்கிட்ட அவரு ஒரு வார்த்தை கேக்கல. சமையக்கட்டுல கெடக்கறவளுக்கு என்ன தெரியும்னு நெனப்பு. அது அவரு தப்புத்தான?

அதான் நேர்லயே வந்துரலாம்னு கெளம்பிட்டேன், இந்தப் பஸ்ஸுல வர்றேன்னு மட்டும் கோவிந்தராசு அவளுக்குச் சொல்லி வெச்சிருக்கான். போன்லன்னா வீம்பாப் பேசுவா. நேர்ல போயி நின்னு, கையப் புடிச்சேன்னா மறுக்க மாட்டா. எளகுன மனசு அவளுக்கு. நடந்தது நடந்து போச்சு, நான் எதையும் மனசுல வெச்சுக்கல, வா போலாம்னு சொல்லப் போறேன். மொதல்ல தண்ணி குடிச்சீங்களான்னு கேப்பா. கேட்டான்னா நான் அழுதுருவேன் கண்ணு, அதுதான் பயமா இருக்கு. அவ இல்லாத வூடு வூடாவே இல்ல. உமி மூட்டை அப்படியே கெடக்குது. பேசறதுக்கு ஆளில்ல எனக்கு.

இரு, போனு அடிக்குது. பைக்குள்ள எங்கயோ இருக்கு. இந்தப் பச்சையத்தான அமுக்கணும்?

அலோ. ஆங், நாந்தானுங்க. கிருஷ்ணகிரி டோல்கேட்டு தாண்டியாச்சுங்க. ம். சாப்பிட்டனுங்க. ம். தனியா இல்லீங்க, பக்கத்துல ஒரு பொண்ணு இருக்குது. ம்... அவகிட்டயா? ம்... சரிங்க. சொல்றனுங்க. கோவிந்தராசு முன்னாடியும் உங்க முன்னாடியும் தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தான் உள்ள வரணும்னு சொல்றனுங்க. ம். சரிங்க. சரிங்க. வெச்சர்றனுங்க.

என்ன கண்ணு அப்படிப் பாக்கற? இத்தன ஜனத்துக்கு நடுவுல, பாட்டு வேற போட்டு வெச்சிருக்கான், இங்க வெச்சா எங்க வூட்டுக்காரருகிட்ட நடந்ததச் சொல்ல முடியும்? நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. ஆயிருச்சா? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு வூட்ல ஒருத்தரு பேசாம இருந்தா எப்படி இருக்கும்னு தெரியுமா? அடி வாங்கிக்கலாம் கண்ணு. அடி வலிச்சு ஆறிரும். அந்த வயசுல தாங்குனேன். இப்பத் தாங்க மாட்டேன், செத்துருவேன்.

அவ தாங்கறாளேங்கறியா. ம். தாங்கறா. அவ சின்னவ.

வெய்யில் பாரு, கண்ணக் கூசுது. என்ன எடம் இது? சூளகிரியா? அதுக்குள்ளயா? ஏப்பா கண்டக்டரு, எறங்கோணும், நிறுத்துப்பா! அதா நிக்கறா பாரு, கடைக்கு முன்னாடி, நீலக் கோட்டு போட்டுட்டு. குடோன்ல குடுத்த கோட்டு போல. கழுத்துல அட்டை தொங்குது. வேலைக்கு நடுவுல கேட்டுட்டு வந்திருக்கா எனக்காக. எப்படி எளைச்சுட்டா பாரு, கன்னமெல்லாம் ஒட்டி. பாவி மவளே! பஸ்ஸு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்கறா.

கண்ணு, இந்தா, இந்தப் போனப் பாரு. கடைசியாப் பேசுனாருல்ல, அவருக்கே போட்டுக் குடு. எனக்குப் போடத் தெரியாது, எடுக்க மட்டுந்தான் தெரியும். சீக்கிரம் கண்ணு. சொல்லிடறேன். அவ மூஞ்சியில முழிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். ரிங்கு போகுதா? போகுதா? காதுல வெச்சுக் கேளு. எடுத்தா எங்கிட்டக் குடு.

எடுக்கலையா?

மெஷின ஓட்டியிருப்பாங்க, ஓட்டுனா ஒண்ணும் காதுல விழாது. இன்னொருக்காப் போடறியா? வேணாம், வேணாம் கண்ணு, விடு, வெச்சிரு, குடு இப்படி. எறங்கறேன்பா, விசிலடிக்காத, வயசானவ. நான் போட்டேன்ல? அவருதான் எடுக்கல. நீதான் கண்ணு சாட்சி.